எல்லாமே வயிறு

"எங்கேம்மா வலிக்குது?" என்று டாக்டர் கேட்டார்.

"வயித்துல" என்றேன். தொப்புளுக்கு மேலே அழுத்தினார். இல்லை. பக்கவாட்டில் அழுத்தினார். அதுவும் இல்லை. "இன்னும் கீழ" என்று நான் சொன்னதும் அம்மா என் கையைக் கிள்ளினாள்.

"வயிறுதான் டாக்டர். அவளுக்குச் சொல்லத் தெரியாது."

தெரியாதுதான். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சின்ன வயதில் குளிப்பாட்டும்போது அம்மா பெயர் சொல்லிச் சொல்லித் தேய்ப்பாள். மூக்கு, காது, தோள், வயிறு. அடுத்தது நேராக முட்டி! நடுவில் இருப்பதெல்லாம் வயிற்றில் சேர்த்தி. கண் தெரிகிற என் தங்கை அங்கே இங்கே பார்த்து, போனை நோண்டி, தானாகத் தெரிந்துகொண்டாள். எனக்கு விரல்தான் கண். அந்த விரலை "அங்கெல்லாம் கை வைக்காதே" என்று தட்டிவிட்டே வளர்த்தார்கள். பார்வையற்றோர் பள்ளிக்கூடத்தில் பிளாஸ்டிக் இருதயத்தைக் கையில் கொடுத்தார்கள், சிறுநீரகத்தைக் கொடுத்தார்கள். இனப்பெருக்கப் பாடம் வந்தபோது மட்டும் டீச்சர், "இது படம் பார்த்தாத்தான் புரியும், உங்களுக்கு வேண்டாம்" என்று அடுத்ததற்குத் தாவிவிட்டார். பரீட்சைக்கு ஒரு பாடம் குறைந்ததென்று நாங்கள் கைதட்டினோம். எங்கள் புத்தியை என்ன சொல்ல!

அந்தப் புண்ணியத்தில் போன வருஷம் முழுக்க வாயுத் தொல்லைக்கு மருந்து குடித்தேன். போனில் வாடிக்கையாளர்களிடம் "உங்க பிரச்சினையைத் தெளிவா சொல்லுங்க" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் என் வேலை.

இந்த டாக்டர்தான் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் மறுபடி போனோம். அவர் அம்மாவிடம்தான் பேசினார். "சினைப்பையில கட்டி. பெருசாயிடுச்சு. ரெண்டுல ஒண்ணை எடுக்க வேண்டியிருக்கும்."

"எதுல ரெண்டு?" என்றேன்.

அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "எடுக்கறதுதான் எடுக்கறீங்க, கர்ப்பப்பையோட சேத்து எல்லாத்தையும் எடுத்துடுங்களேன் டாக்டர். மாசாமாசம் இவளும் படறா, நானும் படறேன். இவ என்ன கல்யாணமா பண்ணிக்கப் போறா?"

கடைக்காரரிடம் கொசுறு கேட்கிற குரல். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மா கெட்டவள் இல்லை, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

"அதைப் பத்தி யோசிக்கலாம்மா" என்றார் டாக்டர், அவளிடம்.

"யாரும் யோசிக்க வேண்டாம். எனக்கு இருபத்திரெண்டு வயசு. கையெழுத்து நான்தான் போடணும். மொதல்ல அது என்னன்னு எனக்குக் காட்டுங்க."

"உனக்கு எப்படிம்மா காட்டுறது?"

நர்ஸ்தான் அலமாரியைத் திறந்து எதையோ எடுத்து வந்து என் மடியில் வைத்தார். "தொட்டுப் பாரும்மா. இதுதான் கர்ப்பப்பை."

"ஐயே, எல்லார் முன்னாடியும்..." என்று அம்மா என் முந்தானையை இழுத்தாள். நான் விடவில்லை. வழவழவென்று பிளாஸ்டிக். என் மூடிய கையைவிடச் சின்னது. இதற்கா இவ்வளவு ஒளிவு மறைவு! இரண்டு பக்கமும் மெல்லிய குழாய். குழாய் முடிகிற இடத்தில் பாதாம் கொட்டை அளவில் ஒன்று.

"அதுதான் சினைப்பை" என்று நர்ஸ் என் விரலை அதன்மேல் வைத்தார். "உனக்கு இந்தப் பக்கம் இருக்கறதுலதான் கட்டி."

பிறந்ததிலிருந்து என்னோடு இருந்தது, போகிற நேரத்தில் அறிமுகமாகிறது. இன்னும் சரியாகத் தெரிந்துகொள்ள விரலால் சுற்றிப் பிடித்தேன். சட்டென்று கையோடு வந்துவிட்டது. பதறிப்போனேன்.

"ஒண்ணுமில்ல, அது கழண்டு வரும்மா. திரும்ப மாட்டிக்கலாம். குடு" என்றார் நர்ஸ்.

"குடுத்துடுடி" என்றாள் அம்மா.

விரல்களை இறுக்கி மூடிக்கொண்டேன்.