அக்கா வடித்த ஜின்னில் ஒரு கசப்பு

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன சனிக்கிழமை மத்தியானம், என் அக்கா வடித்த ஜின்னை முதல்முறையாகக் குடித்துவிட்டு, "பிரமாதம்" என்றேன். அதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசி உறுத்தியதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "செம்புக் கலத்தின் கழுத்தில் வெயில் வழிந்து..." (அடித்துவிட்டேன். அக்கா ஜின் வடிக்கும் அறையின் ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. வெயிலாவது, வழிவதாவது.)

இரண்டாம் தொடக்கம்: "அக்காவுக்கு வாசனை தெரியாது." இது இருக்கட்டும்.

2

அக்காவுக்கு வாசனை தெரியாது. முன்பு அவளைப்போல் தெரிந்தவர் கிடையாது. பதினோரு வருஷம் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் கலவைகளை முகர்ந்து பார்த்து, சரியா தப்பா என்று சொல்லும் வேலை. அங்கே அவளுக்குப் பெயரே 'மூக்கு'தான். பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவளைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டு நாள் போனாள். மூன்றாம் நாள் போகவில்லை.

அப்படிப்பட்டவள், உரிமம் வாங்கி ஜின் வடிக்கப்போகிறேன் என்றபோது நான் சிரித்தேன். (என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்ட இங்கே ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். சிரிக்கத்தான் செய்தேன்.) ஜூனிப்பர் காயையும் கொத்தமல்லி விதையையும் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, செம்புக் கலத்தில் சூடேற்றி, ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடிப்பதுதான் ஜின். முதலில் சொட்டுவதைக் கொட்டிவிட வேண்டும். எந்தச் சொட்டிலிருந்து நல்லது என்பதை மூக்குதான் சொல்ல வேண்டும்.

அவளுக்கு மூக்காக இருந்தவர் மாமா, அவள் கணவர்.

3

இந்த மாமா பாத்திரம்தான் என்னைப் படுத்துகிறது. நான் இட்டுக்கட்டியதாக நினைப்பீர்கள். லிஃப்ட் மெக்கானிக். வாய் திறந்து பேசுவதே அபூர்வம். எதைக் கொடுத்தாலும் "நல்லாருக்கு" என்பார், பிடிக்காவிட்டால் "ஒரு மாதிரியா இருக்கு." அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு யாரால் என்ன செய்ய முடியும்?

அக்கா விடவில்லை. எது மாதிரி, எங்கே முகர்ந்த மாதிரி என்று துளைத்தெடுத்தாள். மெல்ல மெல்ல அவருக்குச் சொல் வந்தது. வேலை செய்த கட்டடங்களிலிருந்தே வந்தது. சீவின பென்சில். சூடேறின மோட்டார். மழை வர்றதுக்கு முன்னாடி மொட்டை மாடி. எல்லாவற்றையும் அவள் ஒரு நோட்டில் எழுதி, தன் நினைவிலிருந்த பழைய வாசனைகளோடு ஒப்பிட்டு, ஒன்றைக் கூட்டினாள், ஒன்றைக் குறைத்தாள். பதினாறு தடவை வடித்துப் பதினாறையும் கொட்டினார்கள்.

அந்த நோட்டைப் படித்தேன். எழுதியே பிழைக்கிறவள் நான். வயிறு எரிந்தது.

4

பதினேழாவதைத்தான் நான் குடித்தேன். அதற்கு முன் ஒரே ஒரு தடவை ஓர் அலுவலக விருந்தில் ஜின் குடித்திருக்கிறேன். தரை துடைக்கும் திரவத்தைக் குடித்தது போலிருந்தது. இது வேறு. லேசான மஞ்சள் நிறம். அறுத்த மரத்தின் வாசனை முதலில் வந்தது. பின்னாலேயே, மாமா சொன்ன அதே மொட்டை மாடி. தொண்டையில் இறங்கும்போது எரியவில்லை. கதகதப்பாக இருந்தது. என் அக்கா செய்தது என்பதை மறந்து இன்னொரு வாய் குடித்தேன்.

பிறகு கசந்தது. போகாமல் நாக்கின் அடியில் உட்கார்ந்துகொண்டது.

"கடைசில என்ன தெரியுது?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் இல்லக்கா. பிரமாதம்."

செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து ருசி பார்க்க ஆள் வருவதாக இருந்தது. ஒரு வருஷம் பார்ப்போம், சரிவராவிட்டால் கலத்தை விற்றுவிடுவோம் என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள். அந்த வருஷம் முடிய இரண்டு வாரம்தான் பாக்கி. அக்கா உள்ளே போனதும் மாமாவிடம் கசப்பைப் பற்றிச் சொன்னேன். தெரியும் என்றார். வடித்த பிறகு அதில் ஒரு நாள் முழுக்க ஆரஞ்சுத் தோலை ஊறப்போடுகிறாளாம்.

"சொல்லவேண்டியதுதானே மாமா?"

கையிலிருந்த கண்ணாடி டம்ளரைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார்.

"அவளுக்கு நாக்கு மட்டும்தான்மா வேலை செய்யுது. மத்ததெல்லாம் நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவளே குடிச்சுத் தெரிஞ்சுக்கிறது அந்தக் கசப்பு ஒண்ணுதான்."

("இதைக் கேட்டதும் என் கண்கள்..." வேண்டாம்.)

5

உள்ளே போய் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தாள். கசப்பு எப்போது வருகிறது, நாக்கில் எந்த இடத்தில், எத்தனை நேரம் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே எழுதினாள். மாமா எப்படிச் சொல் கற்றார் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

முடிவு ஒன்று எழுதினேன்: தோலைத் தூக்கிப் போடுகிறாள், தியாகம். முடிவு இரண்டு: பிடிவாதமாக அப்படியே வைக்கிறாள், ஊரே மெச்சுகிறது. இரண்டையும் கிழித்துவிட்டேன். அவள் செய்தது இரண்டும் இல்லை. ஞாயிறும் திங்களும், தோல் போடாமல் எடுத்துவைத்திருந்த மீதி ஜின்னில் மணிக்கணக்குப் பார்த்து ஊறப்போட்டாள். ஆறு மணி நேரத்தில் தோலை எடுத்துவிட்டு ருசி பார்த்தாள். "இருக்கு. எனக்கு இது போதும்" என்றாள். நானும் குடித்தேன். கசப்பு வந்தது, நாக்கைத் தொட்டது, போய்விட்டது. மாமா குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் விளக்கம் கேட்காமல் அக்கா நோட்டை மூடினாள்.

செவ்வாய்க்கிழமை ஹோட்டல்காரர் வந்தார். முகர்ந்தார். குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஹோட்டல்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அக்கா அங்கே இல்லை. உள்ளறையில் செம்பு மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. பதினெட்டாவதுக்குக் கலத்தை நிரப்பியிருந்தாள்.

அவர் சொன்னது எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கேட்க அவளே காத்திருக்கவில்லை. நான் மட்டும் இங்கே எழுதுவது மரியாதை இல்லை. உங்களுக்குத் தோன்றுவதை அவர் வாயில் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வேலை இருக்கிறது. முதல் சொட்டு விழப்போகிறது, பாத்திரம் பிடிக்க அக்கா கூப்பிடுகிறாள்.