உதடு தெரியாத பக்கம்

செந்தில்வேலுக்குத் தன் தொழிலில் கர்வம் உண்டு. மூன்று கேமராவில் எடுத்த படத்தையும், தனியாக ரெக்கார்டரில் பதிவான குரலையும் அவன் சேர்த்துவைத்தால், உதடு பிரிவதற்கும் சொல் கேட்பதற்கும் நடுவில் மயிரிழைகூட நுழையாது. ராயபுரத்தில் ஒரு நூல்கடைக்கு மேல்மாடியில் அவனுடைய ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, அப்புறம் பனியன் கம்பெனிகளுக்கு சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் பார்ப்பதற்கான படங்கள். "குரல் துளி முந்தினாலோ பிந்தினாலோ, பாக்கறவங்களுக்கு ஏன்னு சொல்லத் தெரியாதுங்க. ஆனா பொய்யின்னு தெரிஞ்சுபோயிரும்" என்று கூட வேலை செய்பவர்களிடம் சொல்வான்.

ஊத்துக்குளி ரோட்டில் கம்பெனி வைத்திருக்கும் மயில்சாமி அவனைக் கூப்பிட்டது ஒரு விபத்துக்கு அப்புறம். அங்கே துணியைச் சூடான உருளைகளுக்கு நடுவில் விட்டு அழுத்தும் மெஷினில் தவசியும் அவர் மனைவி ஒச்சாயியும் வேலை பார்த்தார்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பதினோரு வருஷம். ஒருநாள் உருளையில் துணி சுற்றிக்கொண்டது. மெஷினை நிறுத்திவிட்டு ஒச்சாயி கையை விட்டு அதை எடுத்துக்கொண்டிருந்தாள். தவசி இந்தப் பக்கம் சுவிட்ச் பெட்டியை ஒட்டி நின்றார். மெஷின் ஓடிவிட்டது. ஒச்சாயியின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின.

பையர் விளக்கம் கேட்டிருந்தான். நேரில் இருந்தவர் சொல்வதைப் படமாக எடுத்து அனுப்ப வேண்டும்.

மெஷின் ஹாலுக்குப் பக்கத்து அறையில் தவசியை உட்காரவைத்தான் செந்தில்வேல். முகத்துக்கு நேராக ஒரு கேமரா, பக்கவாட்டில் ஒன்று, பின்னால் தோளுக்கு மேலாக ஒன்று. ரெக்கார்டரை ஓடவிட்டு, அவர் சட்டையில் குட்டி மைக்கைக் குத்தினான். தவசி சங்கடத்தில் நெளிந்தார். செந்தில்வேல் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் படாரென்று சத்தம் வெடித்தது.

"மைக்கை யாருங்க தொட்டது?"

"நான்தான் தம்பி... தெரியாம கை வச்சுட்டேன். எந் தப்புதான்."

"பரவால்லீங்ண்ணா. தொடாம பேசுங்க."

பிறகு செந்தில்வேல் மூன்று கேமராவுக்கும் தெரிகிற மாதிரி நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினான். படத்தில் உள்ளங்கைகள் சேரும் இடத்தையும் குரல்பதிவில் அந்தத் தட்டலையும் பொருத்திவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பொருந்திவிடும்.

தவசி தெளிவாகச் சொன்னார். "ரெண்டு வாரமா அந்த மெஷினு தானா கெளம்புது தம்பி. சூப்பரவைசர்ட்ட மூணு தரம் சொன்னேன். அன்னைக்கு யாரும் சுச்சைத் தொடல. அவ கை உள்ள இருக்கயில தானா ஓடிருச்சு." கடைசி வார்த்தையில் கண் நிறைந்தது.

இரண்டு நாள் கழித்து மயில்சாமி ஸ்டுடியோவுக்கு வந்தார். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, முழுவதையும் பார்த்தார்.

"நல்லா எடுத்திருக்கற கண்ணு. ஆனா இது பையருக்குப் போச்சுன்னா, ரிப்பேர்னு தெரிஞ்சே மெஷினை ஓட்டுனோம்னு எழுதிப்போடுவான். முந்நூறு பேரு வேலைக்கு எங்க போவாங்க, சொல்லு?"

"அவரு சொன்னது இதுதானுங்களே."

"நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லலியே சாமி. அவன் வாயில வந்ததுதான் வேணும். வேற எதும் சொல்லியிருக்க மாட்டானா?"

செந்தில்வேல் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். இதோடு விடுங்க என்றிருக்கலாம். ஆனால் மைக்கைத் தொட்டபோது தவசி சொன்ன வரி அவன் நினைவில் அப்போதே வந்து நின்றுவிட்டது. அதை எங்கே வைக்கலாம் என்பதும் கூடவே வந்துவிட்டது.

"ஒண்ணு இருக்குதுங்க" என்றான்.

மெஷின் தானாக ஓடியதைத் தவசி சொன்ன இடங்களை எடுத்துவிட்டு, 'அந்த சுவிட்சைப் போட்டது யாருங்க?' என்ற கேள்வியைத் தன் குரலிலேயே பேசிப் பதிந்தான். பதிலாக அந்த வரியை வைத்து, அதன்மேல் முதுகுப்பக்கக் கேமராவின் படத்தைப் போட்டான். அதில் தவசியின் பிடரியும் ஒரு காதும்தான் தெரியும். 'தம்பி'யை மட்டும் வெட்டினான். வெட்டிய இடம் கேட்காமலிருக்க மெஷின் இரைச்சலை அடியில் ஓடவிட்டான். 'நான்தான்' என்பதற்கும் 'தெரியாம' என்பதற்கும் நடுவில் இருந்த தயக்கத்தைத் தொடவில்லை. மைக்கைத் தொட்டுவிட்ட கூச்சத்தில் வந்த தயக்கம் அது. இங்கே மனைவியின் கையை நசுக்கியவனின் தயக்கமாக இருந்தது. அந்த இடத்தில் தவசியின் தலை லேசாகக் குனிகிற ஒரு துண்டைத் தேடியெடுத்து வைத்தான்.

மயில்சாமி இரண்டு தடவை பார்த்தார். "உனக்குக் கையில தெய்வம் இருக்குது கண்ணு" என்றார்.

படம் பையருக்குப் போனது. போனதோடு நிற்கவில்லை. பாதுகாப்புக் கூட்டம் என்று சொல்லி, ஒரு திங்கட்கிழமை காலை கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்துத் திரையில் போட்டார்கள். புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்ள செந்தில்வேலும் போயிருந்தான். ஒச்சாயி முன்வரிசையில் முந்தானையால் கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தவசி.

"நான்தான்... தெரியாம கை வச்சுட்டேன். எந் தப்புதான்."

ஒச்சாயி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"ஆசுபத்திரில மூணு நாளு எந் தலமாட்டுலயே உக்காந்திருந்தியே. அப்பக்கூட வாயத் தொறக்கலையே நீ."

"நான் அப்படிச் சொல்லல ஒச்சா."

"அது உங் கொரலு இல்லையா?"

தவசி திரையைப் பார்த்தார்.

"கேமராக்காரன்ட்ட சொல்லிருக்க. எங்கிட்டச் சொல்லல" என்றாள் ஒச்சாயி. எழுந்தாள். யாரும் தடுக்கவில்லை. மயில்சாமி மட்டும் எழுந்து, அவளுக்கு வழிவிட்டு நின்று, "பாத்துப் போம்மா" என்றார். அந்த வாரமே அவள் உசிலம்பட்டிக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்துத் தவசி மாடியேறி ஸ்டுடியோவுக்கு வந்தார். முகம் மழிக்காமல் நரை தெரிந்தது.

"தம்பி, நான் சொன்ன அந்த எடத்த ஒரு தடவ காட்டுறீங்களா?"

செந்தில்வேல் போட்டுக் காட்டினான். அசல் பதிவு, கைக்கெட்டும் தூரத்தில், மேஜைமேல் இருந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது.

"இன்னொரு தடவ."

போட்டான். தவசி திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். செந்தில்வேல் பயந்தான். பயம் மட்டுமல்ல. ஒட்டிய இடத்தை இந்த ஆள் கண்டுபிடிப்பாரா என்று பார்க்க அவனுக்கு ஆசையாக இருந்தது.

"எல்லா எடத்துலயும் மூஞ்சி தெரியிது. இதுல மட்டும் முதுகா இருக்கே தம்பி?"

"மூணு கேமரா இருக்குதுங்களே. மாத்தி மாத்தித்தான் போடுவோமுங்க."

"கொரலு என்னுதுதான?"

"உங்க குரல்தானுங்க. நான் எதும் சேக்கலீங்க."

தவசி திரையிலிருந்து முகத்தை விலக்கினார். "பெட்டிய ஒட்டித்தான் நின்னேன்" என்றார். "முழங்கை கிழங்கை பட்டிருக்குமோ என்னமோ. பட்டிருக்கும். இல்லன்னா ஏன் அப்படிச் சொல்லப்போறேன்." பிறகு செந்தில்வேலைப் பார்த்துக் கும்பிட்டார். "ஒங்க நேரத்தக் கெடுத்துட்டேன் தம்பி."

அவர் படியிறங்கும் சத்தம் நின்ற பிறகு செந்தில்வேல் அந்த இடத்தைத் தானும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். ஒட்டு தெரியவில்லை. அதில் அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம் வந்தது. வந்ததும் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டான்.

ஆறு மாதத்தில் மயில்சாமி மறுபடி கூப்பிட்டார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆள் நிறைய வந்திருந்தார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்குக் காட்ட அதே படம் இந்தியில் வேண்டும்.

"இந்திக்கு ஒதடு ஒட்டாதுன்னு எல்லாத்துக்குமே தெரியும். அப்பறம் எதுக்கு முதுகைக் காட்டறது? மூஞ்சியவே காட்டு கண்ணு. உருக்கமா இருக்கட்டும்."

செந்தில்வேல் ஓர் இந்திக்காரரைப் பேசவைத்தான். முன்னாலிருந்த கேமராவில் தவசியின் கண் நிறைகிற துண்டை எடுத்து, அந்தக் குரலை அதன்மேல் ஏற்றினான். வாய் திறக்கும்போது குரல் தொடங்கியது. வாய் மூடும்போது முடிந்தது. யாரும் தொடவில்லை, தானாக ஓடிவிட்டது என்று தவசி சொல்லிக்கொண்டிருந்த வாயிலிருந்து, நான்தான் செய்தேன் என்று இந்தி வந்தது.

வேறொரு படப்பிடிப்புக்காக அவன் கம்பெனிக்குப் போன அன்று, பயிற்சி அறையில் அது ஓடிக்கொண்டிருந்தது. தவசி கதவோரம் நின்றிருந்தார். ஒவ்வொரு முறையும் அவரை அங்கே நிற்கச் சொல்லியிருந்தார்கள். படம் முடிந்ததும் புதியவர்கள் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் தலைகுனிந்து நின்றார். பிறகு செந்தில்வேலைக் கண்டு கிட்டே வந்தார்.

"தம்பி, இதுல எம் மூஞ்சியப் போட்டிருக்கீங்க."

"ஆமாங்ண்ணா."

"அழுவுறேன்ல? நல்லாத் தெரியிது." குரலைத் தாழ்த்தினார். "இத ஒச்சாயிக்கு அனுப்ப முடியுமா? நான் போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறா. என்ன சொன்னாலும் நம்ப மாட்டா. எம் மூஞ்சியப் பாத்தாள்னா... கொரலே வேணாம் தம்பி. பதினோரு வருசம் அந்த எரைச்சல்ல கெடந்தோம், காதுல எங்க விழும்? அவ பக்கம் நான் வாய அசச்சாலே அவளுக்குப் புரிஞ்சுபோகும்."

திரையில் அந்த வாய் அசைந்தது 'தானா ஓடிருச்சு' என்றுதான் என்பது செந்தில்வேலுக்கு உறைத்தது.

"கம்பெனிப் படமுங்க. வெளிய குடுக்கக் கூடாதுங்க" என்றான்.

"சரி தம்பி" என்றார் தவசி. உள்ளே சூப்பர்வைசர் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவர் மெஷினுக்குப் போனார். செந்தில்வேல் கேமரா ஸ்டாண்டுகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினான். மேலே மயில்சாமி அவனுக்கு இளநீர் வெட்டிவைத்துக் காத்திருந்தார்.