நாற்பத்தொன்றாவது படிவம்

அவள் மூச்சு நின்றதும் நான் செய்த முதல் வேலை மின்விசிறியை நிறுத்தியது. அழவில்லை, மகளைக் கூப்பிடவில்லை. சுவிட்சைத் தட்டிவிட்டு வந்து, இன்னொரு தலையணை வைத்துத் தலையை உயர்த்தினேன். இமைகளை மூடினேன். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து இரண்டு கண்ணின் மேலும் வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன், காலை ஏழு பத்து. அதற்குப் பிறகுதான் செத்துப்போனது என் மனைவி என்பது எனக்கு உறைத்தது.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்த மகள் வெந்நீரோடு உள்ளே வந்து பஞ்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னப்பா பண்றீங்க?" என்றாள். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் மேல் விழுந்து அழ ஆரம்பித்தாள்.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பிழைப்புக்குப் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். பெருமைக்கு ஒரு சேவைச் சங்கத்தில் இருக்கிறேன். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் மாதம் இரண்டு சனிக்கிழமை கூட்டம், மாலை ஐந்து மணிக்கு. ஐந்து என்றால் ஐந்தரை. தலைவர் மணி அடிப்பார். செயலாளர் போன கூட்டத்தின் அறிக்கையைப் படிப்பார். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், அதற்குள் பாதிப் பேர் பார்வை பிஸ்கட் தட்டுக்குப் போயிருக்கும். மரக்கன்று நடுவோம், போட்டோ எடுப்போம். போன வருடம் நட்டது எங்கே என்று யாராவது கேட்டால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வோம்.

அங்கே உருப்படியாக நடந்த ஒரே காரியம் கண்தானம். இதைத் தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை. அந்தக் குழுவுக்குப் பதினான்கு வருடமாக நான்தான் பொறுப்பு. எனக்குக் கண்ணப்பர் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவர் தன் கண்ணைக் கொடுத்தார், நான் ஊரார் கண்ணை வாங்கினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

சாவு நடந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். அதனால் போன் வந்தால் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு ஓடுவேன். அதுவரை கண் உலராமல் இருக்க மின்விசிறியை நிறுத்தி, இமையை மூடி, ஈரப் பஞ்சு வைக்கச் சொல்வேன். போனதும் கேட்டுவிடக் கூடாது. செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். அழுகிறவர்களிடம் போகவே கூடாது. நாற்காலி போட்டுக்கொண்டு, யாருக்கெல்லாம் சொல்லியாச்சு என்று விசாரித்துக்கொண்டு ஒருவர் அலைவார். அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். புதிதாகக் குழுவில் சேர்கிறவர்களுக்கு இதையெல்லாம் ஒரு தாளில் எழுதியே கொடுத்திருந்தேன். இருநூற்று ஆறு வீடுகளில் சரி என்று சொல்லவைத்திருக்கிறேன்.

என் வீட்டில் மட்டும் என் பாச்சா பலிக்கவில்லை.

அவளுக்குக் கண் கிட்டே எது வந்தாலும் ஆகாது. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம் நாலு வேளையும் நான்தான் சொட்டு மருந்து விட்டேன். ஒவ்வொரு சொட்டுக்கும் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நடுங்குவாள். சின்னக் குழந்தையா நீ என்று நான் கத்துவேன். இரண்டு சட்டையில் பட்டன் போயிற்று என்று மகளிடம் புகார் வேறு சொன்னேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. உறுப்பினர் குடும்பங்கள் மொத்தமும் கண்தானப் படிவம் கொடுத்திருந்தால் 'நூறு சதவீதச் சங்கம்' என்று பதாகை தருவார்களாம். எங்கள் சங்கத்தில் நாற்பத்தொரு குடும்பங்கள். எல்லோரையும் விரட்டி விரட்டி நாற்பது வாங்கிவிட்டேன். நாற்பத்தொன்றாவது என் வீடு.

சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவார். நிறைந்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எல்லா வீட்டுப் படிவமும் வந்தாச்சு. நம்ம கண்ணப்பர் வீட்டுது மட்டும் பாக்கி. அண்ணே, அண்ணி உங்களுக்கே அல்வா குடுக்கறாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கே படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் அவள் முன்னால் வைத்தேன்.

"இதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க" என்றாள். "கண்ணுகிட்ட எதையாவது கொண்டுவந்தாலே எனக்கு உயிர் போயிடுது."

"உயிர் போனப்புறம்தானே எடுப்பாங்க? அப்ப என்ன பயம் உனக்கு?"

"அப்ப வலிக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? செத்துப் பாத்தீங்களா?"

அத்தனை வீடுகளில் பேசி ஜெயித்த நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். மறுநாள் கடையில், பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அவள் கையெழுத்தை நானே போட்டேன். முப்பது வருடமாக வங்கிப் படிவங்களில் பார்க்கிற கையெழுத்து. கஷ்டமாகவே இல்லை. அடுத்த மாதம் பதாகை வந்தது, எனக்கு மாலை போட்டார்கள். அவளும் கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். நான் எப்படியும் அவளுக்கு முன்னால் போய்விடுவேன், பிறகு யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். இந்த வருடம் இருதயம் கெட்டுப்போய் இரண்டே மாதத்தில் அவள் முந்திக்கொண்டாள்.

எட்டரை மணிக்கு அடுத்த தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சான்றிதழ் எழுதினார். மகள் பல் டாக்டருக்குப் போன் செய்திருந்தாள், எங்கள் குடும்பத்துக்கு அவர் வேண்டியவர். பத்து மணிக்குள் சங்கத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். நான் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். கையைச் சும்மா வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார என்னால் முடியவில்லை.

பல் டாக்டர் செருப்பை ஓரமாகக் கழற்றினார். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து நின்றார். பத்து நிமிஷம் இருக்கும். பிறகு நேராக என்னிடம் வந்து, நாற்காலியைக் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, என்னைச் சுவரோரம் அழைத்துப்போனார்.

"அண்ணே, உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. கண் வங்கிக்குச் சொல்லிட்டேன். ஆள் பெட்டியோட வண்டில இருக்கான். மூணு மணி நேரம் ஆயிடுச்சு. அண்ணிதான் எழுதிக் குடுத்துட்டாங்களே, நீங்க தலையாட்டினா போதும்."

பிளாஸ்டிக் உறையில் இருந்த படிவத்தை நீட்டினார். அவர்மேல் தப்பே இல்லை. நான் எழுதிக்கொடுத்த தாளில் உள்ளபடி, ஒரு வரி பிசகாமல் செய்தார். நாற்காலி போடுகிறவன் தெம்பாக இருக்கிறான் என்றுதான் நான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். "ஒரு நிமிஷம் இருங்க" என்று படிவத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மகள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்தினேன்.

"கண்ணு கேட்டு வந்திருக்காங்கம்மா" என்றேன்.

"தெரியும். எடுத்துக்கச் சொல்லுங்க."

"இந்தக் கையெழுத்து..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க போட்டதுதானே? அதுவும் தெரியும்." அவள் நிமிரக்கூட இல்லை. "கண் வங்கியிலேர்ந்து அம்மா பேருக்கு நன்றின்னு ஒரு அட்டை வந்துது, மூணு வருஷம் முன்னாடி. அம்மா எனக்குப் போன் பண்ணி அழுதாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே."

"நான் கேக்கறேன்னுதான் சொன்னேன். கூடாதுன்னுட்டாங்க. 'சங்கத்துல நாலு பேர் முன்னாடி அவருக்குத் தலைகுனிவா போயிடும். அவருக்கு இருக்கறது அந்த ஒரு மரியாதைதான். நான் போனப்புறம் எடுத்துக்கட்டும்'னாங்க."

நான் என் மனைவியின் கண்மேல் இருந்த பஞ்சைப் பார்த்தேன்.

"இன்னொண்ணும் சொன்னாங்க" என்றாள். "'அன்னிக்கு உங்கப்பா வாசல்ல அவங்க ஆளுங்களோட நிப்பார். எனக்குப் பயமா இருக்கும். நீ மட்டும் என் பக்கத்துல இரு'ன்னாங்க. அதான் காலைலேர்ந்து நான் எழுந்திரிக்கல."

செத்தபிறகும் தனக்குப் பயமாக இருக்கும் என்று நம்பியவள், அந்தப் பயத்தோடு என் மானத்தையும் காப்பாற்ற ஒத்துக்கொண்டிருக்கிறாள். அட்டை வந்த அன்றைக்கும் எனக்குச் சோறு போட்டிருப்பாள். நான் என்ன குழம்பு இது என்று ஏதாவது குறை சொல்லியிருப்பேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அன்றைக்கு முதல் தடவையாக அப்போதுதான் அழுதேன்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் இன்னொரு புத்தி வேலை செய்தது. அதையும் மறைக்க மாட்டேன். கண் வங்கிப் பட்டியலில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு ஜோடிக் கண் இரண்டு பேருக்குப் போகும். அதில் ஒன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளையாக இருக்கலாம். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர்களுக்கும் நல்லது, என் பொய்யும் அவளோடு போய்விடும். இத்தனை வீடுகளில் நான் சொன்னது சத்தியமான வார்த்தை. இன்றைக்கும் அது சத்தியம்தான். ஆனால் அந்த வீடுகளில் யாரும் இப்படி முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லியிருந்ததாக எனக்குத் தெரியாது. இவள் என் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

நனைந்த பஞ்சு இரண்டையும் எடுத்துவிட்டேன். வாசலுக்கு வந்து படிவத்தைப் பல் டாக்டரிடமே திருப்பிக் கொடுத்தேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"கண்ணு தரல" என்றேன்.

பல் டாக்டர் புரியாமல் பார்த்தார். "அண்ணே, அண்ணியே கையெழுத்து..."

"அது அவ போட்டது இல்ல. அவ பயந்துகிட்டு மாட்டேன்னு சொன்னா. பதாகைக்காக நான்தான் போட்டேன்."

பல் டாக்டர் என் தோளைத் தொட்டு, "சரிண்ணே, அது போகட்டும். இப்ப குடும்பத்துல நீங்க சரின்னாலே போதும். யாரும் தப்பா எடுத்துக்க மாட்டோம்" என்றார். நல்ல மனிதர், எனக்கு வழிவிடத்தான் பார்த்தார்.

"நான் சரின்னு சொல்லப்போறதில்ல டாக்டர். வண்டியை அனுப்பிடுங்க."

அப்போது பின்வரிசையிலிருந்து தையற்காரர் முன்னால் வந்தார். எங்கள் சங்கத்தில் அதிகம் பேசாத ஆள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய அம்மா இறந்தபோது நான்தான் போனேன். அவர் முதலில் முடியாது என்றார், விடாமல் அரைமணி நேரம் நின்று சம்மதிக்கவைத்தேன்.

"எங்கம்மா முகத்தைப் பாத்து அழுதுட்டிருந்தேன்" என்றார். குரல் உயரவே இல்லை. "அப்ப நீங்க என்ன சொன்னீங்க? எரிச்சாலும் புதைச்சாலும் வீணாத்தான் போகப்போகுது, சின்னப்புள்ளை மாதிரி அடம்பிடிக்காதீங்கன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எங்கம்மாவும் பயந்தவதான். அதைச் சொல்லக்கூட நீங்க விடல."

"ஆமா. விடல" என்றேன்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, கேட்டாலும் அந்த இடத்தில் அது எடுபட்டிருக்காது. அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். அவர் பின்னால் இன்னும் மூன்று பேர் போனார்கள். பல் டாக்டர் மட்டும் படிவத்தை உறையிலிருந்து எடுத்து நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வண்டிக்காரனிடம் போய் ஏதோ சொன்னார். பெட்டியோடு வந்தவன் என்னை எட்டிப் பார்த்தான். எத்தனையோ வீடுகளுக்கு நான் கூட்டிக்கொண்டு போன ஆள்தான். வண்டி கிளம்பித் தெருமுனை திரும்பும் வரைக்கும் நின்றேன். எங்கேயோ இரண்டு வீட்டுக்கு இன்றைக்குப் போன் போகாது. அதற்கும் நான்தான் காரணம், அதை யார்மேலும் தள்ள முடியாது.

உள்ளே வந்து, மகளுக்கு எதிர்ப்பக்கம் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தேன். கால் மடங்க நேரமாயிற்று. என் மனைவியின் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன், சில்லென்று இருந்தது.

"அனுப்பிட்டேன்" என்றேன். "யாரும் உன் கண்ணுகிட்ட வர மாட்டாங்க. பயப்படாத. நான் வாசலுக்குப் போகல, இங்கதான் இருக்கேன்."

கேட்பதற்கு மகள் மட்டும்தான் இருந்தாள்.