துணியில்லாக் காலத்துச் சாம்பியன்

அந்தப் பில்லியர்ட்ஸ் கிளப்பில் யாரும் வருஷக் கணக்குச் சொல்வதில்லை. மேசையில் அப்போது என்ன துணி விரித்திருந்தது என்றுதான் சொல்வார்கள். முதலில் பச்சைத்துணிக் காலம், பிறகு நீலத்துணிக் காலம், இப்போது நடப்பது சாம்பல்துணிக் காலம். மகளைப் பள்ளியில் சேர்க்கப் போன ஓர் உறுப்பினர், "நீலத்துணி வந்த மறுவாரம் பொறந்தவ" என்று வயது சொல்ல, தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் கேட்டாராம். அவரும் மறுபடியும் அதையே சொன்னாராம்.

இந்தக் கணக்கில் எந்தக் காலத்திலும் சேராமல் நின்றவர் ஒருவர் உண்டு. அவரைப் 'பாதித்துணி' என்பார்கள்.

பாதித்துணி ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் போட்டி ஆடிச் சம்பாதித்தவர். ஜெயித்த பெரிய கோப்பை ஒன்றே ஒன்று. இதே கிளப் மேசையில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் மீசை. பச்சைத்துணி கம்பளி மாதிரி முரடு. பந்து அதன் மேல் கடன் கேட்கப் போகிறவனைப் போலத் தயங்கித் தயங்கி நகரும். மீசையின் புஜபலத்துக்கு அதுதான் சரி. பாதித்துணி தோற்றுக்கொண்டே இருந்தார். அந்தச் சமயத்தில் மீசை வெள்ளைப் பந்தைத் துள்ள வைக்கிறேன் என்று கியூ என்கிற ஆட்டக்கோலைக் குத்த, அது துணியை நீளவாக்கில் உழுதுவிட்டது. துணிக்காரரை வரவழைத்துப் புது நீலத்துணி போட்டார்கள். நீலம் வழுக்கியது. மீசை பழைய பலத்தோடு அடித்த பந்துகள் முன்வரிசைக்காரர்களின் மடியில் போய் உட்கார்ந்தன. பலமே இல்லாத பாதித்துணி மெல்லத் தட்டித் தட்டிக் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

இப்போது கிளப் தலைவரான பல் டாக்டருக்கு வரலாற்று ஆசை வந்திருந்தது. வெவ்வேறு காலத்து மகா ஆட்டக்காரர்களை ஒப்பிட்டு, காலத்துக்கு ஒருவராகச் சுவரில் படம் மாட்டுவது. எல்லாருக்கும் மேலே, எல்லாக் காலத்துக்கும் பெரியவர் என்று ஒரே ஒருவரை ஏற்றுவது. இதற்கென்று 'காலச் சமன்பாடு' என்ற ஒன்றைத் தயாரித்திருந்தார். அடித்த பந்தில் நூற்றுக்கு எத்தனை குழியில் விழுந்தது என்று பார்த்து, அதை அந்தக் காலத்து மேசையின் கஷ்டத்தால் பெருக்க வேண்டும். டாக்டர் தன் வாழ்நாளில் அடுத்தடுத்து இரண்டு பந்து போட்டதில்லை. ஆனால் பெருக்கல் சுத்தம்.

விஷயம் தெரிந்ததும் பாதித்துணி அவசரப்பட்டுவிட்டார். மகளின் மாமனாரை, அதாவது சம்பந்தியை, ஞாயிற்றுக்கிழமை படத்திறப்புக்கு அழைத்துவிட்டார். சம்பந்தி வீட்டில் எல்லாரும் ஏதாவது ஒரு சுவரில் தொங்குகிறவர்கள். அண்ணன் கல்லூரியில், சித்தப்பா வங்கியில், செத்துப்போன மாமா நூலகத்தில். கல்யாணப் பேச்சின்போது, "நீங்க எங்க மாட்டியிருக்கீங்க?" என்று கேட்காத குறைதான். இந்த ஞாயிறு அதற்குப் பதில் சொல்லிவிடலாம் என்று கோட்டு கூடத் தைத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை டாக்டர் முடிவைச் சொன்னார். பச்சைக்கு மீசை, நீலத்துக்கு அந்தத் துணியில் கொடிகட்டிப் பறந்த மின்னல். எல்லாக் காலத்துக்கும் பெரியவரும் மின்னல்தான். பாதித்துணிக்கு ஆணி கிடையாது.

"கோப்பை என் வீட்ல இருக்கே டாக்டர்."

"கோப்பை இருக்கலாம். காலம் இல்லையே. பச்சையில நீங்க தோத்துக்கிட்டு இருந்தீங்க. நீலத்துல நீங்க ஆடினது பாதி ஆட்டம். ஒரு பல்லை வச்சு வாயைப் பத்திப் பேச முடியுமா?"

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "சம்பந்தி வர்ற நேரத்துக்கு நீங்களே போய்ச் சுவத்தோரமா நின்னுடுங்க. கோட்டுதான் இருக்கே" என்றாள். பிறகு, மனம் கேட்காமல், "பச்சையுமில்ல நீலமுமில்லன்னா நடுவுல என்னதான் இருந்துச்சாம்?" என்றாள்.

சாப்பிட உட்கார்ந்திருந்த பாதித்துணி, சோற்றில் வைத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தார். நடுவில் கல் இருந்தது.

மறுநாள் கமிட்டி முன்னால் துணிக்காரரைக் கொண்டுவந்து நிறுத்தினார். துணிக்காரர் விவரமாகவே சொன்னார். பச்சையை உரித்தாயிற்று, நீலத்தை இன்னும் விரிக்கவில்லை, மேசை, துணிக்கு அடியில் இருக்கும் வெறும் பலகைக்கல்லாகக் கிடந்தது. அவர் டீ குடிக்கப் போய்த் திரும்பும்போது, பொறுமை இல்லாமல் இந்த ஐயா ஒரு பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார். பந்து கழிவறைப் பக்கத்து மூலைக் குழியில் விழுந்தது. வேறு யாரும் அந்தக் கல்லில் ஆடவில்லை.

ஆகப் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே துணியில்லாக் காலம் என்று ஒன்று இருந்திருக்கிறது. அதில் ஆடியவர் ஒருவர், அடித்தது ஒரு பந்து, விழுந்தது அதே பந்து. நூற்றுக்கு நூறு. மேசையின் கஷ்டமோ, வெறும் கல். எந்தத் துணியும் பக்கத்தில் வர முடியாது. டாக்டர் பெருக்கிப் பார்த்தார். மறுபடியும் பெருக்கிப் பார்த்தார். மின்னல் ரொம்பக் கீழே இருந்தார்.

"ஒரே ஒரு அடிதானே?" என்றார் டாக்டர், குரல் இறங்கி.

"ஒரு பல்லுதான் டாக்டர். ஆனா அந்த வாயில வேற பல்லே இல்லையே" என்றார் பாதித்துணி.

துணிக்காரர் அதோடு நின்றிருந்தால் எல்லாருக்கும் நல்லது. அவருக்கு வாய் சும்மா இருக்காது. அந்தப் பந்து அடித்ததால் விழுந்ததில்லை, மேசையின் சாய்வால் விழுந்தது என்று போட்டு உடைத்தார். டாக்டரின் முகம் மலர்ந்தது. துணிக்காரர் தொடர்ந்தார்.

"அந்தச் சாய்வு இன்னிக்கும் இருக்கு சார். அன்னிக்குச் சரி பண்ண விட்டீங்களா? கூட்டம் காத்திருக்கு, சட்டுனு துணியைப் போடுன்னீங்க. துணி இருந்தா பந்து பிடிச்சு நிக்கும். மெதுவா உருண்டாத்தான் அந்த மூலைக்கு இழுக்கும். வெறும் கல்லுல ரொம்ப நேரம் நிக்காது, தானா உருளும். அதான் மின்னல் சார் எப்பவும் அந்த மூலையப் பார்த்தே அடிச்சாரு."

கமிட்டி மொத்தமும் டாக்டரைத் திரும்பிப் பார்த்தது. மின்னலின் மூலையடி ஒரு வரலாற்று அதிசயம் என்று கண்ட மேடையிலெல்லாம் பேசியவர் டாக்டர். பல் பிடுங்க வந்தவர்கள் பயம் தெளிவதற்காக மின்னலின் படத்தைக் கிளினிக்கில் வேறு மாட்டி வைத்திருந்தார்.

கடைசியில் ஒருமனதாக இரண்டு முடிவு எடுத்தார்கள். சாய்வைப் பற்றி இனி யாரும் பேசுவதில்லை. எல்லாக் காலத்துக்கும் பெரியவர் பாதித்துணி.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார். படத்தைப் பார்த்தார். மீசைக்கும் மின்னலுக்கும் மேலே, கோட்டோடு, தன் சம்பந்தி. ஆணி உறுதியா என்று கூடத் தொட்டுப் பார்த்தார். அப்படி ஒன்றும் சும்மா விடுகிற ஆளில்லை அவர்.

"ரொம்ப சந்தோஷம் சம்பந்தி. ஒரே ஒரு அடி அடிச்சுக் காட்டுங்களேன், கண்ணால பார்த்துட்டுப் போறேன்."

பாதித்துணிக்குக் கை நடுக்கம் வந்து வெகுநாளாகிறது. வீட்டில் டம்ளரையே இரண்டு கையால்தான் பிடிக்கிறார். அது உறுப்பினர்களுக்குத் தெரியும். ஆகவே எல்லோரும் ஆசையோடு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மனைவி முந்தானையை இறுக்கிப் பிடித்தாள்.

"இது சாம்பல்துணி. என் காலம் இல்ல" என்றார் பாதித்துணி.

"அப்ப உங்க காலத்தை வரவழைங்க" என்றார் சம்பந்தி.

பின்வரிசையில் கேக் தின்றுகொண்டிருந்த துணிக்காரர் விரலை நக்கிவிட்டு எழுந்தார். பின்களைப் பிடுங்கிச் சாம்பல்துணியைச் சுருட்டினார். பலகைக்கல் வெளியே வந்தது. டாக்டருக்கு வேர்த்தது.

பாதித்துணி ஒரு பந்தை நடுவில் வைத்து, விரலால் அழுத்திப் பிடித்து, விட்டார். கியூ நுனியில் சாக்பீஸ் தேய்த்தார். குனிந்தார். சரியில்லை என்று நிமிர்ந்தார். மறுபடி குனிந்து, மகா ஆட்டக்காரர்களின் வழக்கப்படி ஒரு கண்ணை மூடினார். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோதே பந்து புறப்பட்டுவிட்டது. யாரையும் கேட்கவில்லை. அவசரமும் படவில்லை. கல்லின் மேல் கடகடவென்று உருண்டு, கழிவறைப் பக்கத்து மூலையைத் தேடிப் போய், உள்ளே இறங்கியது.

சம்பந்தி எழுந்து நின்றுவிட்டார். "தொடவே இல்லையே."

பாதித்துணி கியூவைச் சுவரில் சாய்த்தார். "தேவைப்படல" என்றார்.

முதலில் கைதட்டியவர் டாக்டர். தட்டாமல் வாயைத் திறந்தால் சாய்வைச் சொல்ல வேண்டிவரும். அதனால் உள்ளங்கை சிவக்கத் தட்டினார். மற்றவர்களும் வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டார்கள். சம்பந்தி, கல்லூரியில் தொங்கும் அண்ணனையும் வங்கியில் தொங்கும் சித்தப்பாவையும் மறந்து, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துணிக்காரர் மட்டும் சுருட்டிய துணியை அக்குளில் இடுக்கியபடி பாதித்துணியின் காதருகே வந்தார். "விரிச்சுடட்டுமா சார், இல்ல காலம் இன்னும் கொஞ்சம் ஓடட்டுமா?"

பாதித்துணி சம்பந்தியைப் பார்த்தார். அவர் இன்னும் உட்காரவில்லை.

"கொஞ்சம் ஓடட்டும்."