நேரில் பார்த்தவள்

கோட்டாற்றில் இருபது பெண்கள் பணம் சேர்த்து, ஆண்டுக்கு ஒரு இல்லத்துக்குக் கொடுப்பார்கள். அந்த இல்லத்தை நேரில் பார்த்த ஒருத்தி எழுந்து பேச வேண்டும். அவளுக்கு அங்கே சொந்தக்காரர் யாரும் இருக்கக்கூடாது.

"மனநல இல்லத்துக்காரங்க கேட்டிருக்காங்க. மழைக்கு முன்ன கூரை மாத்தலன்னா மூடணுமாம். ஆராவது போய்ப் பாத்திருக்கியளா?" என்றாள் தலைவி ரோஸ்லெட்.

நேசபாய் குனிந்துகொண்டாள். அவள் மகன் பெனட் மூன்று வருஷமாக அங்கேதான் இருக்கிறான். ஊரைப் பொறுத்தவரை அவன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான்.

"ஒருத்தருமில்லியா? அப்போ இந்த இல்லத்தத் தள்ளிரு," என்றாள் கிரேசி. "ஏட்டி நேசம், மஸ்கட்காரனுக்க அம்மா, அந்தச் சிப்ஸை இங்க தள்ளு!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் பாத்திருக்கேன்," என்றாள் நேசபாய். "ஜெபிக்கப் போவேன். கட்டில் மேலயே ஒழுகுது."

"அங்க ஒனக்குச் சொந்தம் உண்டா?" ரோஸ்லெட் வழக்கப்படி கேட்டாள்.

"இல்ல."

இருபது கைகளும் உயர்ந்தன.

"நல்ல மனசுட்டி ஒனக்கு!" என்றாள் கிரேசி. "வாற ஞாயிறு நாங்களும் வாறோம். நீதான் கூட்டிட்டுப் போணும்."

ஞாயிறுதோறும் பெனட் வாசலிலேயே நிற்பான். தூரத்தில் கண்டதுமே "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடிவருவான்.

"செரி," என்றாள் நேசபாய்.