வெள்ளையாய்த் திறந்த பக்கம்

11 ஜூலை 2025, வெள்ளி

இன்று காலை ஒரு சிறிய தவறு செய்தேன். சிறியது என்று எழுதிவிட்டு, வேறு சொல் போடலாமா என்று யோசித்து, அப்படியே விட்டிருக்கிறேன். செய்த நேரத்தில் அது சிறியதாகத்தான் இருந்தது.

மாலை நேர ஜாவா நிரல் வகுப்பில் நாங்கள் செய்த முதல் உருப்படியான வேலை, கூட்டத்தில் தொலைந்தவர்களைத் தேட ஓர் இணையப் பக்கம். பௌர்ணமிக் கூட்டத்தில் குடும்பத்தைத் தவறவிட்டவர்களைக் கிரிவலப் பாதைத் தொண்டர்கள் பக்கத்துப் பந்தலில் உட்கார வைத்து, கைபேசியில் படம் பிடித்து நேராக அதில் ஏற்றுவார்கள். பாதையிலுள்ள எட்டு லிங்கங்களில் எதன் பக்கம், எத்தனை மணி என்பது கோப்பின் பெயரிலேயே இருக்கும். சர்வரில் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் படங்களைப் பெயரோடு வரிசையாகக் காட்டுவது என் பகுதி. இடத்தை வேறு எங்கும் எழுதி வைக்க வேண்டாம், கோப்பின் பெயரே போதும் என்று சொன்னதும் நான்தான். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஜாவா கோப்புகளை இந்த ஒழுங்கில்தான் தரும் என்று நம்ப முடியாது. நேற்று புதிய படங்கள் நடுவில் எங்கோ போய் நின்றன. ஜனங்கள் தேடித் தவித்தார்கள். விடுதி வரவேற்பு வேலைக்குப் போகும் முன் சரிசெய்துவிடலாம் என்று காலையிலேயே வகுப்பறைக்கு வந்தேன். நேரப்படி அடுக்க ஒரு வரி சேர்த்தேன். செயலியைப் புதிதாகக் கட்டிச் சர்வரில் ஏற்றினேன். பக்கம் வெள்ளையாகத் திறந்தது. அடுக்கும் வரியில்தான் பிழை என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் பிழை இல்லை. படங்களின் ஃபோல்டரை நான் செயலிக்கு உள்ளேயே வைத்திருந்தேன். புதியதை ஏற்றும்போது சர்வர் பழையதை மொத்தமாகத் துடைத்துவிடும், உள்ளே இருப்பதையும் சேர்த்து.

கீழ் அறையில்தான் தொண்டர்களின் உதவி மேசை. அதைப் பார்த்துக்கொள்ளும் கோபி அண்ணன் படியேறி வந்தார். பின்னால் அறுபது வயதிருக்கும் ஒருவர், செருப்பில்லாத கால், கையில் இட்லிப் பொட்டலம். பெயர் சுப்பிரமணி, கீழ்பென்னாத்தூர் பக்கம்.

"எம் பொண்ணு ஓசூர்லேர்ந்து போன் பண்ணிச்சும்மா. அவங்க அம்மா போட்டோ இதுல வந்துகீதாம். காசியம்மா. பச்சப் பொடவ. வாதம் வந்ததுலேர்ந்து பேச்சு இல்ல. பேரு கேட்டா சிரிப்பா."

"உக்காருங்க நைனா," என்றார் கோபி அண்ணன். "எங்க ஜாவா மேடம் ஒரு தட்டு தட்டுனா ஆளே எறங்கி வந்துடும்."

நான் தட்டவில்லை. வெள்ளைத் திரையைச் சுப்பிரமணி பக்கமாகத் திருப்பினேன்.

அவர் மகள் தேவிப்ரியாவைப் போனில் கூப்பிட்டோம். "ராத்திரி பாத்தேன்க்கா. அம்மா சேர்ல உக்காந்துனு இருந்தாங்க. கீழ சின்னதா இங்கிலீஷ்ல ஏதோ போட்டிருந்துச்சு. நான் மூஞ்சியத்தான்க்கா பாத்தேன்." ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயா என்று கேட்டேன். "அப்பா போய்க் கூட்டினு வந்துடுவாருனு நெனச்சேன்க்கா."

வகுப்பு எடுக்கும் புகழேந்தி சார் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். "பேக்கப்?" என்றார். நகல் எதுவும் இல்லை என்றேன். அவர் திட்டவில்லை, நாற்காலியை என் பக்கம் தள்ளினார். சர்வரின் உச்சியிலிருந்து ஒவ்வொரு ஃபோல்டராக இறங்கி, அதற்குள் இருக்கும் ஃபோல்டர்களிலும் நுழைந்து, எல்லாக் கோப்புகளையும் காட்டும்படி ஒரு நிரல் எழுதினேன். வகுப்பில் இரண்டு வாரமாக வராதது இன்று ஒரே மூச்சில் வந்தது. வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. தற்காலிகக் கோப்புகளின் ஃபோல்டரில் பெயரில்லாத ஒரு படம் தங்கியிருந்தது. திறந்தேன். மொட்டையடித்த ஒரு குழந்தை, வாயில் பிஸ்கட்டோடு.

"இது இல்ல," என்றார் சுப்பிரமணி, பின்னாலிருந்து.

கோபி அண்ணன் பந்தல் பந்தலாகப் போன் செய்தார். தொண்டர்களில் பாதிப்பேர் வெளியூர் கல்லூரிப் பிள்ளைகள். விடியற்காலை பஸ் ஏறிப் போய்விட்டார்கள். போனை எடுத்தவர்கள் தங்கள் பந்தலில் அப்படி யாரும் இல்லை என்றார்கள். மற்றவர்களின் போன் அணைந்திருந்தது. புறக்காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். அரசு மருத்துவமனையிலும் பார்த்தாயிற்று.

"ஐயா, படத்த நான்தான் அழிச்சுட்டேன்," என்றேன். "அதுல எடம் இருந்துச்சு."

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. "போட்டோ போனா போவட்டும்மா. அவ எங்க உக்காந்துகீறா, அத மட்டும் சொல்லு."

விடுதிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவரோடு புறப்பட்டேன். கோபி அண்ணன் ஆட்டோவை நிறுத்தினார். சுப்பிரமணி ஏறவில்லை. "வண்டில போனா மூஞ்சி மூஞ்சியா பாக்க முடியாதுப்பா." இந்திர லிங்கத்தில் தொடங்கினோம். பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூங்கில் பிடுங்கிய குழிகளில் தண்ணீர் டம்ளர்கள் கிடந்தன. ஒவ்வொரு டீக்கடையிலும், பூக்கடையிலும், சந்துக்குள் வீட்டு வாசல்களிலும் கேட்டோம். எம லிங்கம் தாண்டியதும் அவர் நொண்ட ஆரம்பித்தார். என் செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன். அவருக்குப் பாதிப் பாதம்கூட நுழையவில்லை.

நிருதி லிங்கம் வந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. இளநீர் வெட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் அவரே பேசினார். காட்டப் படம் இல்லை. வலது கையைத் தூக்கித் தன் தோளுக்குச் சற்றுக் கீழே காற்றில் நிறுத்தினார். "இவ்ளோ ஒசரம்தான் இருப்பா." அந்தப் பெண் இல்லையென்று தலையாட்டிவிட்டு அடுத்த காயை எடுத்தாள். கை இறங்கவில்லை. கீழே ஒரு தலை இருப்பதுபோல, உள்ளங்கையைக் கொஞ்சம் வளைத்து, அப்படியே நின்றார்.

நாளை: விடிந்ததும் வருண லிங்கத்திலிருந்து தொடங்க வேண்டும். இடது பக்கக் கடைகள் அவர், வலது பக்கம் நான்.