ஓட்டு வீட்டில் மாடித் தோட்டம்

அந்த நிதி அறிவிப்பில் ‘மீள்திறன்’ என்ற சொல் பதினான்கு இடங்களில் வந்திருந்தது. இசைவாணி எண்ணி முடித்துவிட்டுத்தான் காபியைக் கையில் எடுத்தாள். போன வருடம் எல்லோரும் ‘டிஜிட்டல்’ கேட்டார்கள். அதற்கு முந்தின வருடம் ‘வாழ்வாதாரம்’. கொரோனா முடிந்த கையோடு கொஞ்ச காலம் ‘மனநலம்’ ஓடியது. நிதி கொடுக்கிறவர்களுக்கு வருடத்துக்கு ஒரு சொல் மீது காதல் வரும். அதை முதல் பக்கத்தில் மூன்று தடவையாவது எழுதாத விண்ணப்பத்தை ஒருவரும் இரண்டாம் பக்கம் புரட்ட மாட்டார்கள். பதினோரு வருடம் ஒரு பெரிய தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்து அவள் கற்றுக்கொண்ட பாடம் அது. அந்த நிறுவனம் திட்டம் முடிந்துவிட்டது என்று சொல்லி ஒரு திங்கட்கிழமை காலை அவளையும் இன்னும் இருபது பெண்களையும் வீட்டுக்கு அனுப்பியது. ‘பெண்களுக்கான பணிப் பாதுகாப்பு’ என்பதுதான் அந்தத் திட்டத்தின் பெயர்.

அதற்குப் பிறகு ஆர்.எம். காலனியில் ஒரு மாடி போர்ஷனை வாடகைக்குப் பிடித்து, திண்டுக்கல்லைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்ன டிரஸ்டுகளுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துப் பிழைத்தாள். யார் எந்த மாதத்தில் நிதி தருகிறார்கள், எந்தக் கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதி எந்த மாவட்டத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, யாருக்கு எந்தச் சொல் பிடிக்கும் என்பதெல்லாம் அவளிடம் பட்டியலாக இருந்தது. அவளைத் தேடி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மீது அவளுக்கு மரியாதை கிடையாது. வெள்ளை ஜிப்பாவும் தோளில் துணிப்பையுமாக வந்து, ‘மக்கள், மக்கள்’ என்பார்கள். கோழிப்பண்ணைக்காரன் கோழிகளைப் பற்றிப் பேசுகிற தொனியில் இருக்கும். நிதி கொடுக்கிறவர்கள் இன்னும் மோசம். மதுரையில் விமானம் இறங்கி, காரில் வந்து, வெயிலில் இருபது நிமிடம் நின்று கண் கலங்கிவிட்டு, பிரியாணி எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்பார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிற தன்னைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்பதை மட்டும் அவள் யோசிப்பதில்லை.

எதிரே சர்புன்னிசா உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். பேகம்பூரில் ஓர் ஓட்டு வீட்டில், காது கேளாத பெண்கள் பத்தொன்பது பேருக்குத் தையலும் சைகை மொழியும் சொல்லிக் கொடுக்கிறாள். அவளுடைய தங்கை பிறவியிலேயே காது கேட்காதவள். அவளோடு வளர்ந்ததில் வந்த பாஷை. டிரஸ்டுப் பத்திரங்களை ஒரு ஜவுளிக்கடைப் பையில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தாள்.

“அக்கா, உங்களுக்கு என்ன வேணும்னு ஒரே வரியில சொல்லுங்க.”

“ரெண்டு பேருக்குச் சம்பளம்.”

இசைவாணி சிரித்துவிட்டாள். “சம்பளம்னு எழுதுனா ஒருத்தனும் தர மாட்டான். தையல் மிஷின் கேளுங்க, கம்ப்யூட்டர் கேளுங்க, பேரு எழுதி ஒட்ட எடம் இருக்கற பொருளாக் கேளுங்க. மனுசி மேல ஸ்டிக்கர் ஒட்ட முடியாதுல்ல?”

“மிஷினு ஆஸ்பத்திரிக்கு வந்து பேசுமா?” என்றாள் சர்புன்னிசா.

பிறகு அவள் ஜக்கம்மாளைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பத்தொன்பது பேரில் ஒருத்தி, அகரத்துப் பெண். பூப்பறிக்கப் போகிறவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பிரசவத்துக்குச் சேர்த்த இடத்தில், வயிற்றில் பிள்ளை அசையவில்லை என்று அவள் கையைக் காட்டிக் காட்டிச் சொல்லியிருக்கிறாள். வயிற்றைத் தொட்டிருக்கிறாள், கையை விரித்திருக்கிறாள், மறுபடியும் வயிற்றைத் தொட்டிருக்கிறாள்.

“பசிக்குதுன்னு நெனச்சிட்டாங்க, வாணி. நாலு இட்லி வாங்கிக் குடுத்திருக்காங்க. நான் விசயம் தெரிஞ்சு போயிச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. அதான் கேக்குறேன். நான் ஒருத்தி எம்புட்டு எடத்துக்கு ஓடுவேன்? காது கேக்குற ரெண்டு புள்ளைகளுக்குச் சைகை பழக்கி வச்சிருக்கேன். அதுகளுக்குச் சம்பளம் குடுத்தா, ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், பேங்க்னு கூடப் போயி நின்னு பேசுங்க.”

இட்லி என்ற சொல் வந்தபோது இசைவாணியின் விரல்கள் விசைப்பலகை மேல் ஒரு கணம் நின்றன. அடுத்த கணமே, இதைப் பெட்டி கட்டி மூன்றாம் பக்கத்தில் போட்டால் நன்றாக எடுபடும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவளுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

அப்போது விண்ணப்பிக்கத் திறந்திருந்த ஒரே அறிவிப்பு, சென்னையிலிருக்கும் ஒரு கம்பெனி அறக்கட்டளையுடையது. பருவநிலை மாற்றம், நகர்ப்புறப் பெண்கள், மீள்திறன். நான்கு நாளில் இசைவாணி விண்ணப்பத்தை எழுதி முடித்தாள். காது கேளாத பெண்கள் மாடித் தோட்டம் போட்டு நகரத்தின் வெப்பத்தைக் குறைப்பார்கள் என்று அதில் இருந்தது. சர்புன்னிசா கேட்ட இரண்டு பெண்களும் ‘கள ஒருங்கிணைப்பாளர்கள்’ என்ற பெயரில் ஏழாம் பக்கத்து அட்டவணைக்குள் ஒளிந்திருந்தார்கள்.

படித்துக் காட்டியதும் சர்புன்னிசா கேட்டாள், “ஏம்மா, எங்களுது ஓட்டு வீடு. ஓட்டு மேல எங்குட்டுச் செடி வைக்க?”

“சென்னையில இருக்கறவனுக்கு உங்க ஓடு தெரியாதுக்கா. கையெழுத்துப் போடுங்க.”

போட்டாள். பேனாவை மூடி வைக்கும்போது, தெருவில் எதையோ மிதித்துவிட்டவள் செருப்பைப் பார்ப்பது மாதிரி அந்தத் தாளை ஒருமுறை பார்த்தாள்.

விண்ணப்பம் முதல் வடிகட்டலில் தேறியது. பிப்ரவரி கடைசியில் நேரில் பார்க்க ஆள் வருகிறார் என்று தகவல் வந்தது. முதல் நாள் சாயங்காலம் இசைவாணி வத்தலக்குண்டு ரோட்டிலிருக்கும் ஒரு நர்சரியில் நாற்பது தக்காளி நாற்று வாங்கி, பைகளில் மண்ணைப் போட்டு நட்டு, பேகம்பூர் வீட்டுப் பின்கட்டில் வரிசையாக வைத்தாள். தையல் பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தியும் ஒரு பையைத் தூக்கிக் கொடுக்கவில்லை.

வந்தவன் பெயர் பழனிக்குமார். முப்பது வயது இருக்காது. கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் டேப்லெட், வாயில் பாதி ஆங்கிலம். ‘கம்யூனிட்டி’ என்றான், ‘இம்பாக்ட்’ என்றான். மாடி எங்கே என்று கேட்கவில்லை. பின்கட்டுக்கு வந்து, கால்சட்டையை லேசாக இழுத்துவிட்டுக் குத்தவைத்து, ஒரு நாற்றின் அடியில் விரலை விட்டு மண்ணைக் கிளறினான். அப்படியே அண்ணாந்து பார்த்தான். ஆங்கிலம் எங்கேயோ போய்விட்டிருந்தது.

“ஏனுங்க மேடம், இது நேத்து வச்சதுங்களா?”

இசைவாணி பார்வையை நாற்றுகள் பக்கம் திருப்பினாள்.

“எங்கய்யன் நெய்க்காரப்பட்டியில தக்காளிதானுங்க போடறாரு. வேரு இன்னும் மண்ணைப் புடிக்கவே இல்லீங்களே.” கையைத் தட்டிவிட்டு எழுந்தான். டேப்லெட்டில் எதையோ தொட்டான். ‘நாற்றுகள் நல்ல நிலையில்’ என்ற கட்டத்தில் பச்சை டிக் விழுந்ததை அவள் பார்த்தாள். “பயப்படாதீங்க. மார்ச்சுக்குள்ள நாங்களும் செலவு பண்ணியாகணுமுங்க.”

இவனாவது கத்தியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது. பொய் என்று தெரிந்த பொய்க்கு இவ்வளவு பணிவாக டிக் போடுகிறவனை என்ன செய்வது? அவனுடைய அய்யன் இதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்தாள். பிறகு தன் அப்பாவின் நினைவு வந்துவிடும்போல் இருந்ததால் அதை நிறுத்திக்கொண்டாள்.

அடுத்து வீடியோ. ‘பயனாளி குரல்’ கட்டாயம் வேண்டுமாம். காது கேளாதவர்களின் குரல் என்று சொல்லும்போது அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஜக்கம்மாளை நாற்றுகளுக்கு முன்னால் நிறுத்தினார்கள். தோட்டத்தால் வாழ்க்கை எப்படி மாறியது என்று அவன் கேட்க, சர்புன்னிசா கையால் கேட்டாள். பதிலாக என்ன சொல்ல வேண்டும் என்பதை முதல் நாளே இசைவாணி எழுதிக் கொடுத்திருந்தாள்.

ஜக்கம்மாள் கைகளைத் தூக்கினாள். வயிற்றைத் தொட்டாள். விரல்களை விரித்தாள். மறுபடியும் வயிறு. பிறகு யாரோ எதையோ நீட்டுவது, இவள் தள்ளிவிடுவது, அவர்கள் மறுபடியும் நீட்டுவது. இசைவாணிக்குச் சைகை மொழி தெரியாது. ஆனால் இதற்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. எழுதிக் கொடுத்ததைச் சொல்லுங்கள் என்று அவள் கண்ணால் கெஞ்சினாள். சர்புன்னிசா அவள் பக்கமே திரும்பவில்லை. ரேஷன் கடையில் பெயர் வாசிக்கிற குரலில், ஜக்கம்மாளின் கை சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் தமிழில் சொன்னாள். இட்லியையும் சொன்னாள்.

பழனிக்குமார் டேப்லெட்டைத் தாழ்த்தினான். “மேடம்… இது ரொம்ப கனமா இருக்குதுங்க. ரெண்டு நிமிஷ வீடியோவுல தாங்காது. தோட்டத்தைப் பத்தி மட்டும் ரெண்டு வரி சொல்லச் சொல்லுங்களே?”

சர்புன்னிசா கையால் சொன்னாள். ஜக்கம்மாள் நாற்றுகளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். இசைவாணியைப் பார்த்தாள். சுருக்கமாக நான்கைந்து அசைவுகள். வாசலில் நின்றிருந்த பெண்கள் அத்தனை பேரும் சத்தமாகச் சிரித்தார்கள். தங்கள் சிரிப்பு தங்களுக்கே கேட்காதவர்களின் பெரிய, கட்டுப்பாடில்லாத சிரிப்பு.

“தோட்டம் நல்லா இருக்குங்கறா,” என்றாள் சர்புன்னிசா.

அவன் திருப்தியாகப் பதிவு செய்துகொண்டான். சிரிப்பு வீடியோவுக்கு ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்றான்.

கார் தெருமுனை திரும்பியதும் இசைவாணி கேட்டாள், “அக்கா, நெசமா என்ன சொன்னா?”

“வேணாம் விடு.”

“சொல்லுங்கக்கா.”

“இந்தச் செடி, அந்தக் கார்க்காரத் தம்பி, இந்த எழுதுற அக்கா, மூணையும் குப்பை வண்டி வந்தா ஏத்தி விட்டுருங்கன்னா.”

இசைவாணிக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வருடமாக ஆட்களை ஏற இறங்கப் பார்த்து எடை போட்டுவந்தவள் அவள். தன்னையும் ஒருத்தி அப்படிப் பார்த்திருக்கிறாள் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. ஸ்கூட்டியில் வீடு போய்ச் சேரும்வரை ஜக்கம்மாளுக்குச் சொல்லப் பதில் தேடினாள். பதில் கிடைத்திருந்தாலும் அதைச் சொல்ல அவளிடம் பாஷை இல்லை.

மார்ச் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு அனுமதிக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. வாழ்த்து என்று தொடங்கியது. மாடித் தோட்டப் பைகள் நானூறு, சொட்டுநீர்க் குழாய், பெயர்ப்பலகை ஒன்று, எல்லாம் அனுமதிக்கப்பட்டிருந்தன. கள ஒருங்கிணைப்பாளர் இருவர் என்ற வரி மட்டும் அடித்து நீக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் காரணம்: ‘சம்பளம் நீடித்த பயன் தருவதன்று.’ கையெழுத்திட்ட ஒப்பந்தம் அன்று மாலை ஐந்து மணிக்குள் வந்து சேராவிட்டால் நிதி வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

இசைவாணி அந்த வரியை இரண்டு முறை படித்தாள். நானூறு பைகள். ஓட்டு வீட்டுக்கு. எழுதினவளும் அவள்தான். ஒப்பந்தத்தைப் பிரிண்ட் எடுத்து அட்டைக் கோப்பில் வைத்துக்கொண்டு பேகம்பூர் போனாள். கையெழுத்தானால்தான் அவளுக்கும் கூலி. மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, சர்புன்னிசா இல்லை. ஜக்கம்மாள் மிஷினை நிறுத்திவிட்டு அவளை நிதானமாகப் பார்த்தாள். வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டினாள். பிறகு ஒரு துண்டுத் துணியில் சாக்பீஸால் ஒரு நர்சிங் ஹோமின் பெயரைக் கோணலாக எழுதிக் கொடுத்தாள்.

போய்ச் சேரும்போது நாலரை தாண்டிவிட்டது. தையல் பெண்களில் ஒருத்தியான பவித்ராவுக்கு வலி எடுத்திருந்தது. பிரசவ அறைக்குள் கூட ஒருவர்தான் இருக்கலாம் என்று சொல்லி மாமியாரை உள்ளே விட்டிருந்தார்கள். அந்த அம்மாளுக்கு ஒரு சைகையும் தெரியாது. சர்புன்னிசா வெளியே வராந்தாவில், கதவின் சின்னக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பாதி பெயிண்ட் உரிந்த அந்தக் கண்ணாடி வழியாக அவளுடைய இரண்டு கைகளும் உள்ளே பேசிக்கொண்டிருந்தன. உள்ளே நர்ஸ், “முக்கும்மா, முக்கு,” என்று கேட்காத காதில் கத்துவது வெளியே வரை வந்தது.

“அக்கா, கடிதம் வந்துருச்சு. ஒரே ஒரு கையெழுத்து. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்.”

“சம்பளம் குடுத்துட்டாங்யளா?”

இசைவாணி பேனாவை எடுத்து நீட்டினாள்.

சர்புன்னிசா திரும்பாமலே சிரித்தாள். “ரெண்டு கையும் வேலையா இருக்குதுல்ல? செத்த நேரம் இரு.” ஒரு நிமிடம் கழித்து அவள் குரல் மாறியது. “வாணி, எம் முதுகுக்குப் பின்னால வெயிலு. அவளுக்கு எங் கை மொத்தமாக் கறுப்பாத்தான் தெரியும், வெரலு தெரியாது. முழிக்கிறா பாரு. அந்த ஜன்னல மறைச்சு எதையாச்சும் பிடி. சீக்கிரம்.”

வராந்தாவின் மேற்கு ஜன்னலில் வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. மறைக்க அங்கே திரை இல்லை, நாற்காலியும் இல்லை. இசைவாணி ஒப்பந்தக் கோப்பைத் திறந்து, அகல விரித்து, ஜன்னலுக்கு நேரே தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். கோப்பின் நிழல் சர்புன்னிசாவின் தோள் மேல் விழுந்து, கையில் ஏறி, கண்ணாடி வரை போனது. உள்ளே மேசையில் படுத்திருந்த பவித்ராவின் தலை லேசாக உயர்ந்து இந்தப் பக்கம் திரும்பியது. சர்புன்னிசாவின் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன, குவிந்தன, பொறு என்றன, மூச்சு விடு என்றன.

கைப்பையில் போன் அதிர்ந்தது. சென்னை எண்ணாக இருக்கும், அல்லது பழனிக்குமாராக இருக்கும். சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்குப் பத்து. இசைவாணிக்குத் தோள் வலித்தது. வெயில் இறங்க இறங்க, அவளும் கோப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டே நின்றாள்.